செங்காவிக் குறியிட்ட கதவுகள்

வண்டி பூட்டியாகிவிட்டது, தாயே! ஓடையில் வெள்ளம் வடிந்ததா என்று பார்க்கச் சைக்கிளில் போன வாட்ச்மேன் பச்சைமுத்து இன்னும் திரும்பவில்லை. அவர் வந்து சொன்னால்தான் சக்கரம் உருளும். அதுவரை வாய்த்ததே எங்களுக்கு நேரம். மாலை நாலு மணிக்குப் பந்தலிட்டுப் பெரியோர் முன்னிலையில் வாசிக்க வேண்டிய இம்மடலை, விடிந்தும் விடியாத இவ்வேளையில், மாட்டின் மணியோசைக்கு நடுவே வாசிக்கிறோம். பொறுத்தருள்க!

கருணையின் கனிவே! கைராசியின் களஞ்சியமே! ஈராயிரம் தொட்டில்களுக்கு முதல் தாலாட்டே! மயிலம் சாலையில் உள்ள நம் சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்தேழு ஆண்டுகள், மழையென்றும் வெயிலென்றும் மறுக்காது, மேலோர் வீடென்றும் எளியோர் குடிசையென்றும் பிரிக்காது, ஈன்றவர்க்கெல்லாம் ஈன்றவளாய் நின்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு ஐப்பசித் திங்கள் இந்நாளோடு பணி நிறைவு பெறும் நர்ஸ் சவுரியம்மாள் அவர்களே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

தங்கள் பெருமையைத் தாளில் அடக்குவது தண்ணீரை முறத்தில் அள்ளுவது போலாகும். முறம் என்றதும் அந்த முறமே நினைவுக்கு வருகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்குமுன் அவ்வீட்டு முறத்தைக் கேட்டு வாங்குவீர்கள். வேகவைத்த துணியை அதில் விரித்து, பையிலிருப்பவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பீர்கள். "இது கத்தரி. இது நூலு. இது கண்ணுக்கு உடற மருந்து. எல்லாம் பாத்துக்கினீங்களா? வேற ஒண்ணும் இல்ல, பையக் கவுத்துக் காட்டட்டுமா?" என்பீர்கள். அச்சத்தோடு எட்டி நின்ற பெண்கள் அந்த முறத்தைச் சுற்றி அருகே வருவார்கள். இருபத்தேழு ஆண்டும் இதுவே தங்கள் முறை!

வாசலுக்குள் வராதே என்று நம்மிடம் சொன்ன வீடுகளும் இருந்தன. அங்கும் கதவைத் தட்டுவீர்கள். உள்ளிருந்து "யாரு?" என்று குரல் வரும். நர்ஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை நீங்கள், உடன்பிறந்தவள் என்றே சொல்வீர்கள். "ஒன் பொறந்தவ வந்திருக்கேன், தொற" என்பீர்கள். திறக்காத கதவை நாங்கள் கண்டதில்லை.

கம்பவுண்டர் கோதண்டபாணி ஐயா திருத்திக் கொடுத்த மடல் இத்துடன் முடிந்து, வாழ்த்துப் பத்திக்குப் போக வேண்டும். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இதை எழுதும் பொறுப்பைப் பதினேழு வயதுடைய, பயிற்சி முடியாத இருதயமேரியாகிய என்னிடம் கொடுத்தார்கள். இனி வருவதை நேற்றிரவு அரிக்கேன் விளக்கடியில் நானே சேர்த்தேன். ஐயா, நிறுத்தச் சொல்லாதீர்கள்.

புரட்டாசியில் திண்டிவனத்தில் நடந்த கூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள், அம்மா. சர்க்கார் கொண்டுவர எண்ணியிருக்கும் புதுச் சுகாதாரத் திட்டத்தை விளக்க அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கருவுற்ற பெண்கள் எல்லோரையும் மாதவாரியாகப் பதிவது, பிரசவங்களைத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் மாற்றுவது, நம்முடையதைப் போன்ற சிறிய ஆஸ்பத்திரிகளை வைத்துக்கொள்வதா என்று பிறகு யோசிப்பது என்றார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றும் சொன்னார். கேட்டார்கள்!

"சர்க்காருக்கு இன்னாத்துக்குய்யா எங்க ஊட்டுப் பொம்பளைங்க வவுத்துக் கணக்கு?"

"அரிசிக்குக் கார்டு குடுத்தாங்க, அரிசி கொறஞ்சுபோச்சு. இப்பப் புள்ளைக்குக் கார்டா?"

"இன்னிக்கு வவுத்துல எண்ணுவான், நாளைக்குப் பட்டாளத்துல எண்ணுவான்!"

கூட்டம் சிரித்தது. ஆனால் அருகிலிருந்த பெண்கள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது நீங்கள் எழுந்தீர்கள். "எனக்கும் சந்தேகம் இருக்குதுங்க. ராத்திரி வலி எடுத்தா விழுப்புரத்துக்கு யார் வண்டி கட்டுவாங்க? ஆனா ஒண்ணு. வவுத்துல குறுக்கால கெடக்கற புள்ளைய என்னால எடுக்க முடியாது. அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வழி. அதையும் சொல்லணும் இல்ல?" என்றீர்கள். மல்லாட்டை எனும் நிலக்கடலை பயிரிடும் மாரியப்பனின் மனைவி அம்சவள்ளியை மனத்தில் வைத்தே அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதற்கு முதல் நாள்தான் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "வலி எடுக்கறதுக்கு முன்னாடியே விழுப்புரம் கூட்டிக்கினு போயிடணும், மேரி. வலி வந்துட்டா ரெண்டு உசுரும் போயிடும்" என்றீர்கள்.

அதிகாரி கருவுற்ற பெண்களின் பட்டியல் கேட்டார். நீங்கள் என்னை அனுப்பினீர்கள். "காகிதத்த வெளிய எடுக்காத. பேரக் காதுல கேட்டு மனசுல எழுதிக்கினு வா. இங்க வந்து எழுதிக்கலாம்" என்று சொல்லியே அனுப்பினீர்கள்.

அறிவின் அடைக்கலமே! நான் அப்படிச் செய்யவில்லை.

ஒரே நாளில் இருபத்துமூன்று வீடுகள். எந்த வீட்டில் எத்தனை மாதம் என்று நினைவில் நிற்கவில்லை. கோயில் சுவருக்கு அடிக்க வைத்திருந்த செங்காவிக் கட்டி ஒன்று வழியில் கிடந்தது. அதை எடுத்து, மறக்காமலிருக்க, ஒவ்வொரு கதவின் மூலையிலும் மாதத்தின் எண்ணைப் போட்டுக்கொண்டே போனேன். சாயங்காலம் திரும்பி வரும்போது எண்களைப் பார்த்துப் பட்டியல் எழுதினேன். ஒரு பிழை இல்லை. எவ்வளவு சாமர்த்தியம் என்று எனக்கே பெருமையாயிருந்தது!

வாந்திபேதி வருஷத்தில் நான் பால்குடிப் பிள்ளை. அந்த வருஷம் நோய் கண்ட வீட்டுக் கதவில் இப்படித்தான் குறி போட்டார்களாம். குறி போட்ட வீட்டிலிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோனார்களாம். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லையாம். நம் ஆயா குப்பம்மாள் மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "குறியப் பாத்ததுமே ஊரே மெரண்டுபோச்சுடி. கர்ப்பக்காரிங்களக் கொட்டாய்க்குத் தூக்கினு போவப் போறாங்களாம். எந்தப் பாவி கையோ!" என்றார். பாவியின் கை அவர் எதிரில்தான் முந்தானைக்குள் ஒளிந்திருந்தது.

இரண்டே நாளில் கதவுகளெல்லாம் சாணி போட்டு மெழுகப்பட்டன. ஒன்பது வீடுகளில் பெண்கள் இல்லை. அம்சவள்ளியின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்தக் கதவில் நான் போட்ட எண் ஒன்பது.

பட்டியல் வாங்க அதிகாரி அனுப்பிய பியூன்தான் போட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் நம்பினீர்கள். சாலையில் அவனை மறித்துச் சண்டையிட்டீர்கள். "சாமி சத்தியமா நான் இல்லீங்கம்மா" என்று அவன் அழுதான். பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அந்தக் கையப் புடிச்சினு போயி, ஒரு புள்ளைய ஏந்த வெக்கணும். அப்பத் தெரியும் இது இன்னா வேலன்னு" என்றீர்கள். பதினோரு நாளாக அந்தச் சொல் என்னோடு படுத்து என்னோடு எழுகிறது.

நேற்றுப் பொழுது சாய்ந்தபின் அம்சவள்ளி இருக்குமிடம் தெரிந்தது. திருவக்கரைப் பக்கம் தாய் வீட்டில் மறைந்திருக்கிறாள். இடுப்பு நோவதாக அவளே சொன்னாளாம். வலியா, வெறும் நோவா என்று சேதி கொண்டுவந்தவருக்குத் தெரியவில்லை. உடனே கிளம்பினோம். இடுப்பளவு வெள்ளம் ஓடையில் மறித்தது. திரும்பினோம். வெள்ளம் வடிந்ததும் புறப்பட வேண்டி, விழாவைக் காலைக்கு மாற்றினோம். இந்தப் பகலோடு தங்கள் உத்தியோகம் முடிகிறது. திட்டம் வரட்டும் என்று தங்கள் இடத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை. பை இன்று மாலை முதல் என்னிடம் என்று உத்தரவு.

அம்மா, அந்தக் கை இந்தக் கைதான். பியூன் இல்லை. அதிகாரி இல்லை. திட்டத்தின்மேல் ஊருக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கலாம். ஆனால் அம்சவள்ளியை அவளுக்கு வேண்டிய ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டியது என் கை. சபை அறியச் சொல்லிவிட்டேன்.

அதோ, சைக்கிள் மணி கேட்கிறது.

உற்றார் உறவினரோடு, குறையாத கண்ணொளியோடு, நோயற்ற நூறாண்டு நீங்கள் வாழ மயிலம் முருகனையும் மாதாவையும் ஒருங்கே வேண்டுகிறோம்! மாலையைக் கழற்ற வேண்டாம், தாயே, அப்படியே வண்டியேறுங்கள். சட்டமிட்டு மாட்ட வேண்டிய இம்மடலில் கோதண்டபாணி, குப்பம்மாள், பச்சைமுத்து மூவரும் நேற்றே ஒப்பமிட்டார்கள். நாலாவது இடம் காலியாயிருக்கிறது. அங்கே என் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் தட்டுவீர்கள். "ஒன் பொறந்தவ" என்பீர்கள். கதவு திறக்கும், தங்கள் குரலுக்குத் திறக்காத கதவு இல்லை. அதன்பின், பையோடு உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் என்னை அம்சவள்ளி பார்ப்பாள். அன்று அவள் வாசலில் நின்று மாதம் கேட்ட முகம் அவளுக்கு மறந்திருக்காது. "இவ யாரு?" என்று கேட்டால், நான் என்ன சொல்வது, அம்மா?