தைப்பூசத்தன்னிக்குத் தேர்வு

வேணாம் கோபாலகிருஷ்ணன் தம்பி, காபி ஆறிடும், முதல்ல குடிங்க. உங்க வாட்டர் போலோ கிளப்புக்கு எம்பொண்ணு அம்புஜத்த அனுப்பமாட்டேன். அவளுக்கு ஆசைதான், எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையறா. அலையட்டும்.

பொம்பளப் புள்ளங்கறதாலயான்னா கேக்கறீங்க? நல்லாச் சொன்னீங்க போங்க! இந்த வீட்டுலேர்ந்து ஏற்கெனவே ஒருத்தன உங்க கிளப்புக்குக் குடுத்தாச்சு. அவ அண்ணன், சாமிநாதன். நீங்க இந்தத் தீவுக்கு வர்றதுக்கு முன்னாடி. கோல்கீப்பர். தமிழ் வாத்தியார் புள்ளன்னு கேலி பண்ணவனுங்கெல்லாம் அவன் கையத் தாண்டி ஒரு பந்து போட முடியாம முழி பிதுங்கி நின்னானுங்க. கோச் சிமோனே வீடு தேடி வந்து சொன்னாரு, ஜூனியர் டீமுக்கு இவன்தான், தேர்வுக்கு வந்து தண்ணியில இறங்கினாப் போதும்னு.

அந்தத் தேர்வ என்னிக்கு வச்சாங்க தெரியுமா? தைப்பூசத்தன்னிக்கு! அன்னிக்குத்தான் கிராண்ட் பே ஓட்டல்ல நீச்சல் குளம் காலியாம். ஏன் காலி? அங்க தங்கியிருந்த வெள்ளக்காரங்களையெல்லாம் பஸ்ஸுல ஏத்தி, இங்க சாந்த் குருவாவுல நம்ம கோயிலுக்குக் காவடி பாக்கக் கூட்டிட்டு வந்துட்டாங்க. எப்படியிருக்கு கதை?

பத்து நாள் விரதம் இருந்தவன், வேண்டுதல விடமுடியுமா? கன்னத்துல வேல், நெஞ்சு முழுக்க ஊசி, அந்த வெயில்ல வெறுங்காலோட நடந்தான். அத்தன கேமராவும் அவன் மேலதான். கோயில்ல ஊசிய எடுத்ததும் ஒரு வாய் சோறு திங்காம பஸ்ஸப் புடிச்சு ஓடினான். சிமோன் தேர்வ முடிக்காமக் காத்துக்கிட்டுதான் இருந்தாரு, பாவம், அவரக் குத்தம் சொல்லல.

குளத்து வாசல்ல ஓட்டல் மேனேஜர் மறிச்சுட்டான். மூஞ்சியெல்லாம் ஓட்டை, இவன் இறங்கின தண்ணியில எங்க விருந்தாளிங்க எப்படிக் குளிப்பாங்கன்னான். ஒரு சொட்டு ரத்தம் இல்ல தம்பி! வெறும் விபூதி. உங்க கமிட்டியில ஒருத்தர் வாயத் தொறக்கணுமே? ம்ஹூம். குளம் ஓசி, ஓட்டல்காரனப் பகைச்சுக்க முடியாதாம்.

அதுக்கப்புறம் அவன் கடல்லகூட கால நனைக்கல. ஸ்வெட்டர் பேக்டரிக்குப் போறான், வர்றான், பேச்சே கிடையாது. பெத்த வயிறு எரியுது தம்பி.

கிளம்பிட்டீங்களா? நில்லுங்க, நீங்க கொண்டாந்த காலண்டரயும் எடுத்துட்டுப் போயிடுங்க. அந்த ஓட்டல்ல அச்சடிச்சுக் குடுத்ததுதானே? சாமிநாதன் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம், அவன் கண்ணுல பட வேணாம். ஏனா? பிப்ரவரி மாசத்தத் திருப்புங்க. கன்னத்துல வேலோட ஒரு பையன் நிக்கறானில்ல? அவன்தான்.