எடையம்மா அளந்த நாற்பத்தொரு பேர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சுகாதாரக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இயக்குநர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, பெரியம்மாவை இழந்து முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் தங்கை மகளே, துறைமுகக் குடியிருப்பிலிருந்து வந்து பின்சுவரோரம் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து அமரலாம். ஐந்து வரிசை காலியாக இருக்கிறது. "பரவால்லைங்க ஐயா, நாங்க நிக்கிறோம்" என்கிறீர்கள். சரி, உங்கள் விருப்பம்.

நான் எழுதி எடுத்து வந்துதான் பேசுகிறேன். எழுதாமல் பேசும் துணிவு எனக்கு எப்போதும் இருந்ததில்லை. இந்த அலுவலகத்தில் அட்டவணைப் பிரிவின் தலைவராக இருந்து ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன் நான். தலைமைக் கள அளவீட்டாளராக இருந்து மறைந்த நம் அம்மையாரோடு பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மாடியில் வேலை பார்த்தேன். அவர் எனக்கு வைத்த பெயர் 'தசமம்'. "தசமம் சார் புள்ளி வைக்காம மூச்சுகூட விடமாட்டாரு" என்பார். தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் எடையம்மா. அந்தப் பெயரிலேயே அவரைச் சொல்கிறேன். பதவிப் பெயரைச் சொன்னால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எடையம்மா என்ன செய்தார்? வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் உயரத்தையும் எடையையும் எழுதிக்கொண்டு வந்தார். இவ்வளவுதானா? இவ்வளவுதான் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஒருவரைக் கருவியில் ஏற்றும்போது எடையம்மா வீட்டிலுள்ள மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவார். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். படிவத்தில் எழுதி, மடித்து, "முடிஞ்சுதுக்கா, இறங்குங்க" என்பார். ஒருமுறை துறைமுகக் குடியிருப்பில், பேருந்துப் பணிமனையில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஏற மறுத்துவிட்டார். அந்தப் பேச்சை எடையம்மா என் மேசைக்கு முன்னால் நின்று இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.

"என்னை அளந்து ஊருக்கெல்லாம் சொல்லப் போறீங்களா?"

"ஊருக்குத்தான்கா சொல்லப் போறேன். ஆனா உங்க பேரைச் சொல்ல மாட்டேன். நூறு பேர்ல ஒருத்தின்னு சொல்லுவேன்."

"நூறுல ஒருத்தியா? என் வீட்டுல நாலு பேரு. அதுலயே என்னை ஒருத்தியா எண்ணுறது இல்ல!"

இருவரும் சிரித்துச் சிரித்து, கடைசியில் அந்த அம்மா ஏறினாராம்.

எடையம்மா எண்ணோடு நிறுத்தவில்லை. படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். 'நடைபாதை லாரி நுழைவாயிலோடு முடிகிறது; நடக்க இடமில்லை.' 'பன்னிரண்டு மணி நேரம் கிரேன் அறையில் உட்கார்ந்தே வேலை.' 'மூன்று வீடு பெருக்குகிறார்; அங்கே மிஞ்சியதை நின்றபடியே சாப்பிடுகிறார்.' கிராமப்புற வட்டங்களில் இருந்து திரும்பியபோது வேறு மாதிரி எழுதினார்: 'இங்கே வசதியான வீடுகளில்தான் பருத்த உடல். கூலிக்காரர் வீட்டில் எலும்பு தெரிகிறது.' நகரத்துக்குள் அது தலைகீழாக இருந்தது. "மேட்டுத் தெருவுல உடம்பு இளைக்கச் செலவு பண்றாங்க சார். துறைமுகத் தெருவுல வயிறு நிறைய எது மலிவோ அதை வாங்குறாங்க. ஒரே வியாதி, ஆனா ஒரே காரணம் இல்ல" என்றார். சோம்பல் என்றும் அடக்கமின்மை என்றும் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தச் சொற்களை எடையம்மா ஒரு படிவத்திலும் எழுதியதில்லை! ஓரக் குறிப்புகளுக்கு அட்டவணையில் இடமில்லை என்று நான் அவற்றைச் சேர்க்கவில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும்.

அன்று எங்களிடம் இருந்த சிறிய எடைக் கருவிகள் நூறு கிலோவரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் ஒரு கோடு மட்டும் விழும். பெரிய கருவி வேண்டுமென்று எடையம்மா மூன்று முறை எழுதிக் கேட்டார். மூன்று கடிதத்தையும் தேதி வாரியாகக் கோப்பில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அவர் அடுத்த குழுவிடம் இன்னொரு கருவியை வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருவிக்கு ஒரு காலாக நிற்கச் சொன்னார். கிரேன் ஓட்டுநர் ஒருவர் கேட்டாராம், "என்னம்மா இது, காலுக்கு ஒரு மெஷினா? நான் என்ன ரெண்டு ஆளா?" எடையம்மா விடுவாரா? "பின்ன என்னண்ணே? ரெண்டு ஆள் ஷிப்டு பாக்குறீங்கல்ல, ரெண்டு ஆளாவே நில்லுங்க!"

இடது ஐம்பத்து நான்கரை, வலது ஐம்பத்தேழு. கூட்டினால் நூற்றுப் பதினொன்றரை. இப்படி நாற்பத்தொரு படிவங்கள் என் மேசைக்கு வந்தன. நான் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளினேன்.

எடையம்மா வந்து நின்றார்.

"தசமம் சார், ரெண்டையும் கூட்டினா முழு எடை வரும்தானே?"

"வரும்."

"அப்புறம் ஏன் சார் தள்ளுனீங்க?"

"ஒருத்தரை ஒரு கருவியிலதான் அளக்கணும்னு கையேட்டுல இருக்கும்மா."

"கையேடு யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப திருத்த வேண்டியதும் நீங்கதானே?"

பேனாவின் மூடியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

அவர் போனபின், கதவைச் சாத்திவிட்டு, நானே இரண்டு கருவிகளின் மேல் நின்று பார்த்தேன். கூட்டினேன். பிறகு ஒரே கருவியில் நின்றேன். அரைக் கிலோகூடப் பிசகவில்லை. அவர் அளந்தது சரி! அது சரியென்று அன்று பிற்பகலே எனக்குத் தெரியும். ஆனால் வரைபடம் அச்சுக்குப் போயிருந்தது. நிறுத்தினால் அன்றைய மேலிடத்திடம் போய்ப் பேச வேண்டும். நான் பேசவில்லை. அதற்குக் காரணம் பயம். வேறு சொல் கிடைக்குமா என்று பல ஆண்டுகள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அதனால் என்ன ஆயிற்று? துறைமுகக் குடியிருப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேரை அளந்தார்கள். எல்லோரையும் சேர்த்தால் நூற்றுக்கு முப்பத்து நான்கு பேர் உடற்பருமன் உள்ளவர்கள். நகரத்திலேயே அதிகம். நாற்பத்தொரு பேரை எடுத்துவிட்டால் இருபத்தாறு. நகரச் சராசரி இருபத்தேழு. வரைபடத்தில் உங்கள் பகுதிக்கு வெளிர் நிறம் பூசினோம். சிகிச்சை மையங்கள் அடர் நிறப் பகுதிகளுக்குப் போயின. நீங்கள் இரண்டு முறை மனு கொடுத்தீர்கள். 'சராசரிக்குக் கீழே' என்று இரண்டு முறையும் பதில் வந்தது. மூட்டு வலியோடும் மூச்சிரைப்போடும் நீங்கள் இரண்டு பேருந்து மாறிப் போகிறீர்கள். அதில் ஒரு பேருந்தாவது என்னால்தான். வீட்டிலேயே எண்ணப்படவில்லை என்று சொன்ன அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் படிவமும் அந்த நாற்பத்தொன்றில்தான் இருந்தது. அம்மா, நீங்கள் இங்கே இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. படிவ எண்கள்தான் தெரியும்.

கொஞ்சம் பொறுங்கள். இது என் தாளில் இல்லை.

எங்கள் கூட்டங்களில் எடையம்மா உட்காரவே மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டே இருப்பார். அவரும் பருத்த உடல்காரர்தான். 'கூட்டங்களில் அமர விருப்பமில்லாதவர்' என்று அவருடைய ஆண்டு அறிக்கையில் நான் எழுதியிருக்கிறேன். இப்போது உங்களைப் பார்த்துக்கொண்டே பேசும்போதுதான் தெரிகிறது. இந்த நாற்காலிகளுக்குக் கை இருக்கிறது. எங்கள் அறை நாற்காலிகளுக்கும் கை இருந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! ஒரு நாள்கூட நான் கேட்கவில்லையே!

மண்டபப் பொறுப்பாளர் ஐயா, வராந்தாவில் நீளமான பெஞ்சுகளைப் பார்த்தேன். அவற்றை உள்ளே போட முடியுமா? நன்றி. அவர்கள் உட்காரும்வரை நான் நிறுத்திக்கொள்கிறேன்.

தொடர்கிறேன்.

மனைவி போனபின் என் வீட்டில் தொலைபேசி ஒலிப்பது அபூர்வம். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அழைத்தவர் எடையம்மா ஒருவர்தான். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அழைப்பார். "சாப்டீங்களா சார்? இல்ல, இன்னும் கிராம் கணக்கு பாத்துட்டு இருக்கீங்களா?" என்று தொடங்குவார். நாற்பத்தொரு படிவங்களைப் பற்றி ஒரு தடவையும் குத்திக் காட்டியதில்லை. ஆறு வாரங்களுக்கு முன்புதான் முதல்முறையாகக் கேட்டார். "மையம் எங்க வைக்கிறதுன்னு குழு மறுபடி கூடுது சார். அதே பழைய எண்ணைத்தான் பாக்கப் போறாங்க. அது தப்புன்னு நான் சொன்னா ஒரு பைத்தியம் சொல்லுதும்பாங்க. நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுங்க."

"பார்க்கலாம்மா" என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் 'பிழை நேர்ந்தது' என்று எழுதினேன். இரண்டாவதில் 'பிழை நேர்ந்திருக்கலாம்'. மூன்றாவதில் 'அன்றைய நடைமுறைகளைக் கருத்தில் கொண்டால்' என்று ஆரம்பித்தேன். அடுத்த வெள்ளி கேட்டார், "என்ன சார், கடிதமா எழுதுறீங்க, காவியமா?" அதற்கு அடுத்த வெள்ளி, "நான்னு ஆரம்பிங்க சார், மிச்சம் தானா வரும்" என்றார். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை தொலைபேசி ஒலிக்கவில்லை. வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். நானாக அழைத்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பூட்டை உடைத்திருக்கிறார். மருத்துவர் இதயம் என்றார். தங்கை மகளே, உன் பெரியம்மா இரண்டு நாள் அப்படித் தனியாகக் கிடந்தார். அந்த இரண்டு நாளும் நான் ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியவில்லை.

கடிதத்தை இன்று காலை முடித்துவிட்டேன். ஐந்தே வரி. படிக்கிறேன்.

'நான் நாற்பத்தொரு பேரின் அளவுகளை நீக்கினேன். அவை சரியானவை என்று அன்றே எனக்குத் தெரியும். தள்ளப்பட்ட படிவங்கள் கிடங்கில், மூன்றாவது அலமாரியில், பதினேழாம் எண் கட்டுக்குள் இருக்கின்றன. அழிக்க வேண்டிய காலம் வந்தபோது எனக்கு மனம் வரவில்லை. அவற்றைச் சேர்த்துக்கொண்டு, துறைமுகக் குடியிருப்பின் எண்ணைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

இயக்குநர் அவர்களே, நீங்கள் அப்போது இங்கே இல்லை. உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. இதைத் தபாலில் அனுப்பத்தான் நினைத்தேன். அஞ்சலகம் போகும் வழியில் இன்னொரு சொல்லைத் திருத்தத் திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இத்தனை பேர் பார்க்க, இதை வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி ஐயா.

எடையம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னார்கள். எனக்கு எழுபத்தொரு வயது. வீடு வீடாக ஏறி இறங்க இந்தக் கால்களால் முடியாது. நான் சொல்லக்கூடிய உறுதி ஒன்றுதான். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் குழு கூடுகிறது. கேள்வி கேட்பார்கள். என் குரல் நடுங்கும். நடுங்கினாலும் பேசுவேன்.

நீங்களும் கூட வருவதாகப் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் சொல்கிறீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. வேண்டாம். அந்த நாற்பத்தொரு பேரை நான் தனியாக இருந்துதான் நீக்கினேன். தனியாகவே போய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன்.