டிஷ்ஷுக்கு முன்னால் ஒரு ஈரக் கம்பளி

துணி காயப்போட எங்கள் மொட்டை மாடியைப்போல இன்னோர் இடம் தேங்காய்ப்பட்டணத்தில் கிடையாது. மறைப்பில்லாத உயரம். அதனால்தான் இன்டர்நெட்காரர்களும் அந்த மாடியைக் கேட்டார்கள். தக்கலைப் பக்கத்துக் குன்றில் ஒரு டிஷ், அதைப் பார்த்தபடி எங்கள் மாடியில் இன்னொன்று. நடுவில் கம்பியே இல்லை. தெருவுக்கு நெட் வந்தது அப்படித்தான். பழுது பார்க்க வந்துகொண்டிருந்தவன் உன் வீட்டுக்காரன் ஷாஜன். சாயாவைக் குடி, பிரீனா. இத்தனை வருஷம் கழித்து நீ கேட்க வந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2006இல் என் மகன் டெல்வின் துபாயில் இருந்தான். மருமகள் ஸ்மிதா சாயங்காலமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். எனக்குக் கடைசியில் ஒரு "சுகந்தானம்மா?" மட்டும் மிஞ்சும். ஒருநாள் மழையில் நனைந்த கம்பளியை டிஷ்ஷுக்கு முன்னால் காயப்போட்டேன். திரையில் அவன் முகம் அப்படியே நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் கீழே என் கட்டிலருகே இருந்த போன் அடித்தது.

"நெட்டு இழுக்கும்மா. நீ சொல்லு, இன்னைக்கு என்ன மீனு?"

ஸ்மிதா குளிக்கப் போய்விட்டாள் என்று பொய் சொன்னேன். கறியில் மாங்காய் போட்டேனா என்றுகூடக் கேட்டான், பிள்ளை.

அதற்குப் பிறகு கம்பளியை நானே நனைத்தேன். நெட் ஒரேயடியாகச் சாகாது, நத்தைபோல ஊரும்.

ஷாஜன் வந்தால் வாசலில் நின்று, "மாமி, மேல வரட்டா?" என்று கேட்பான். "இரு மக்கா, துணி எடுக்கட்டு" என்று நான் முதலில் ஏறிக் கம்பளியைச் சுருட்டிவிடுவேன். கொடியில் என் பாவாடைகள் கிடந்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். அப்படி வளர்ந்த பிள்ளை. வயரை மாற்றினான், டிஷ்ஷைத் திருப்பினான், குன்றுக்கும் போய்வந்தான்.

"நான் வந்தா மட்டும் நல்ல பிள்ளையாட்டு ஓடுது. ஒங்க மாடிப் பேய்க்கு என்னயப் பிடிச்சுப் போச்சு மாமி" என்று சிரிப்பான்.

ஈர ஓலைதான் மறைக்கிறது என்று எண்ணி, பக்கத்து வீட்டு ஏசுஅடிமையிடம் கெஞ்சி அவருடைய தென்னைகளில் ஓலை வெட்ட வைத்தான். "ஏலே, நீ நெட்டு மாட்டுதவனா, ஓல வெட்டுதவனா?" என்று அவர் ஏச, தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒருநாள் நான் அடுப்படியில் நின்றபோது, ஸ்மிதாவிடம் கேட்டுவிட்டு மேலே போய்விட்டான். இறங்கி வந்து மெதுவாகச் சொன்னான்: "கம்பளி டிஷ்ஷ மறைக்கு மாமி. ஒங்களுக்குத் தெரியாதுல்லா. நாளைக்கு டிஷ்ஷு நிக்குத கம்பத்த ஒசத்திருதேன். பொறவு எங்க வேணும்னாலும் காயப்போடுங்க."

ஸ்மிதாவிடம்கூட அவன் சொல்லவில்லை. நல்ல மனசு.

ஆனால் கம்பம் உயர்ந்தால் டெல்வினின் குரல் எனக்கில்லை. மறுநாள் விடிந்ததும், கம்பத்தைக் கைப்பிடிச் சுவரோடு இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளில் ஒன்றைத் தளர்த்தினேன். கம்பம் கொஞ்சம் சாய்ந்தால் டிஷ் வேறெங்கோ பார்க்கும், சரியாக நாளாகும், அவ்வளவுதான் நினைத்தேன். தளர்த்திய இடத்தின்மேல் பாவாடைகளை விரித்துப்போட்டேன்.

சாயங்காலம் வந்த ஷாஜன் பாவாடைகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏணியைக் கம்பத்தில் சாய்த்தான்.

"பிடிக்க ஆளுண்டா மாமி?"

"ஏறு மக்கா, நான் பிடிக்கேன்."

நெட்டை நிறுத்திவிட்டு ஏறினான். கம்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அந்நேரம் கீழே போன் அடித்தது. திரை நின்றதும் டெல்வின் என்னைத்தான் கூப்பிடுகிறான். அதைக் கேட்டபடி நின்றேன். ஷாஜன் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்து எட்டினான். கம்பம் அவனோடு சுவருக்கு வெளியே போயிற்று.

அவன் கட்டிய கட்டு சரியில்லை என்றார்கள். நானும் தலையாட்டினேன். நீயும் அதைத்தானே இத்தனை காலம் சுமந்தாய்?

இப்போது ஸ்மிதாவும் துபாயில். போன் அடிப்பதில்லை. ஈரத்துணி விரிக்கும்போதெல்லாம் வாசலில், "மாமி, மேல வரட்டா?" என்று கேட்கிறது. "இரு மக்கா" என்று துணியை எடுத்துவிட்டு இறங்குகிறேன். வாசலில் ஆளில்லை. என் வீட்டில் ஒரு துணியும் காய்வதில்லை.

அவன் கட்டு உறுதியான கட்டு, பிரீனா. ஊரில் எல்லோரிடமும் சொல். என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடு, மக்கா: போன் அத்தனை நேரம் அடித்தும், ஏணியை நான் விடவே இல்லை.