அக்கா அறைக்குப் போட்ட தரை

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது தடிமனைத்தான். ஷீட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு சத்தம் குறையும் என்று ஒரு நினைப்பு. அப்படி இல்லை சார். மரப்பலகைக்கு அடியில் விரிப்பதற்கு மூன்று வகை வைத்திருக்கிறேன். ஃபோம் மலிவு, சீக்கிரம் நசுங்கிவிடும். தக்கை பரவாயில்லை. ரப்பர்தான் ராஜா. அதிலும் பலகை எந்தச் சுவரையும் தொடக்கூடாது. ஓரம் முழுக்க விரலளவு இடைவெளி விட்டு, அதில் ரப்பர் பட்டை செருக வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் சுவர் வழியாகக் கீழே இறங்கிவிடும். என் அக்கா அறைக்கு அப்படித்தான் போட்டேன். வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

எங்களுடையது பழைய வீடு. மாடித் தரை மரம். கீழே நானும் மனைவியும், மேலே அக்கா. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவளால் படி இறங்க முடியாது. கண்ணும் மங்கல், போன் கொடுத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. அதனால் ஊன்றுகோலால் தரையில் தட்டுவாள். தட்டினால் நான் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

போர்வை நழுவினால் தட்டுவாள். ஜன்னலைத் திறக்கத் தட்டுவாள், திறந்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தால் மூடத் தட்டுவாள். “மேலிடம் கூப்பிடுது, போங்க,” என்று என் மனைவி சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே அவளுக்கும் அலுத்துவிட்டது. அம்மா போன பிறகு அக்காதான் என்னை வளர்த்தாள், நான் மறுக்கவில்லை. மறுக்கத்தான் விட்டாளா? வீட்டுக்கு யார் வந்தாலும், “இவனுக்காகத்தான் நான் கல்யாணமே பண்ணிக்கல,” என்று ஆரம்பித்துவிடுவாள். என் மாமியாரிடம் சொன்னாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் சொன்னாள். அந்தத் தட்டல் கேட்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்துவிடும். தலை நரைத்த மனுஷன் நான். எனக்கு அவள்மேல் வெறுப்பு வந்துவிட்டது சார், அதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பலகையில் சிலாம்பு கிளம்பி அவள் காலில் குத்தியது. தரையை மாற்றிவிடலாம் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். ஷீட்டை நானே தேர்ந்தெடுத்தேன். கடையில் இருந்ததிலேயே உசத்தியானது, கூடப்பிறந்தவளுக்கு மட்டமானதைப் போட மனசு வருமா?

தச்சர் விவரமான ஆள். பாதி விரித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், அக்கா தட்டித்தானே உங்களக் கூப்பிடுறாங்க? கட்டில் பக்கம் கொஞ்சம் இடத்துல மட்டும் ஷீட் போடாம விட்டுடட்டுமா? தட்டுனா கீழ கேக்கும்.”

“வேணாம். பலகை மேடு பள்ளமாயிடும், அவங்க தடுக்கி விழுந்தா யாரு பாக்குறது?” என்றேன். நியாயமாகத்தான் பட்டது, அவரும் தலையாட்டிவிட்டார்.

வேலை முடிந்த அன்று அக்காவே சொன்னாள். “தம்பி, கீழ போய் நில்லு. தட்டிப் பாக்குறேன்.”

கூடத்தில் போய் நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. அப்படி ஓர் அமைதியை அந்த வீட்டில் நான் அனுபவித்ததே கிடையாது. கண் கலங்கிவிட்டது. நிதானமாக மேலே ஏறிப் போனேன்.

“கேட்டுச்சாடா?”

“நல்லா கேட்டுச்சுக்கா. முன்ன விட நல்லாவே கேக்குது.”

அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அதன்பிறகு நானாக ஒரு கணக்கு வைத்துப் போய்வந்தேன். “கூப்பிட்டியாக்கா?” என்பேன். பாதி நேரம், “இப்பதான் தட்டுனேன், வந்துட்டியே,” என்பாள். மீதி நேரம், “எவ்வளவு நேரமா தட்டுறது, உனக்குக் காது அடைச்சுப் போச்சா?” என்று திட்டுவாள். மனைவியிடமும் சொல்லவில்லை. அக்கா திருந்திவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சம்பவத்தன்று மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கடைக்கு விடுமுறை. காலையிலிருந்து மழை மூட்டம், விளக்கைப் போட்டுக்கொண்டு கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடிக் குளியலறை வாசலில் அக்கா விழுந்து கிடந்த இடத்தில், புதுப் பலகை முழுக்க ஊன்றுகோல் முனை பதிந்த பள்ளம் என்று இன்ஸ்பெக்டர் சார், நீங்கள்தான் சொன்னீர்கள். மதியமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

ரப்பர் சத்தத்தைத்தான் விழுங்கும். பழைய மர உத்தரத்தின் அதிர்வை முழுக்க விழுங்காது. கூடத்து விளக்கு அந்த உத்தரத்தில்தான் தொங்குகிறது. பேப்பர்மேல் நிழல் ஆடியதால் நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது. நிழல் ஆடினால் எனக்குக் கண் வலிக்கும். அதனால் விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு மிச்சத்தைப் படித்தேன். அணைத்த பிறகும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் வரை ஆடியது. போகப்போக ஆட்டம் குறைந்தது.

காதில் விழுந்திருந்தால் கட்டாயம் போயிருப்பேன் சார்.