தட்டித்தான் போவேன்

“கதவைத் தட்டி, ‘கொஞ்சம் திறங்க’ன்னு கேக்கிறவங்களுக்கு அதிரடிப்படைன்னு எதுக்குங்க பேரு?”

கூட்டு நடவடிக்கை தொடங்கிய அன்று நேசநாட்டுப் படைத்தலைவர், உள்நாட்டு அதிரடிப்படைத் தலைவியான அவளைக் கேட்ட கேள்வி அது. கதவைக் கண்டால் இடித்துக்கொண்டு நுழைவது அவர் படையின் வழக்கம். வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டுத் தட்டுவது அவள் படையின் வழக்கம். அவள் ஆட்கள் அவருக்கு இடியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது இடியார், தையற்கடையின் வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம், கதவை இடிக்கும் இரும்பு உலக்கையைக் காலடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு மேலதிகாரியின் அழைப்பு வந்தது.

“ஹலோ... ஆமா சார், நான்தான்... ஆமா, ஆமா. காலையில நாம தேடுற தீவிரவாதிங்க ரெண்டு பேரும் தப்பிச்சுட்டாங்க. இல்லேங்கல... நான் தட்டினதாலயா? யாரு சொன்னது?... ஓ, அவரேவா. எதிர்லதான் இருக்காரு சார். நம்ம பேச்சு நல்லாப் புரியும். புரியட்டும்...

தட்டின சத்தம் கேட்டு ஓடினாங்க, சரி. இடிச்ச சத்தம் கேட்டிருந்தா உக்காந்து டீ குடிச்சிருப்பாங்களா?... தெருவோட ரெண்டு பக்க வீடுங்களுக்கும் பின்னாடி நிக்க வேண்டியது அவர் ஆளுங்க சார். அவங்க பழக்கம், மொத்தப் பேரும் வாசல்ல வந்து குவிஞ்சுட்டாங்க. பின்ஜன்னல் அம்போன்னு கிடந்தது...

சார், நான் தட்டினது யார் வீட்டுக் கதவுன்னு கேட்டீங்களா?... அவங்க இருந்ததும், பின்ஜன்னல் வழியா ஓடினதும் எதிர்வீட்டுல. நமக்கு வந்த தகவலே தப்பு. நான் தட்டினதுக்குத் திறந்தது ஒரு பிள்ளைத்தாச்சி. வயித்தத் தாங்கிக்கிட்டு, தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னாங்க... இடிச்சிருந்தா?

மன்னிப்பா? அவர்கிட்டயா?... என் மாமியார்கிட்டயே கேட்டதில்ல சார்.

தெரியும், அந்த ரெண்டு பேரும் இப்ப இந்தத் தையற்கடைக்கு எதிர்க் கடை மாடியிலதான் இருக்காங்க. கடைக்காரர் குடும்பமும் உள்ளதான் இருக்கு... அவரு படை முதல்ல போறதா? இடிச்சுக்கிட்டா?... முடியாது சார்... மிரட்டலெல்லாம் இல்ல. கதவுக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு தெரியாம என் ஆளுங்க காலெடுத்து வைக்க மாட்டாங்க. அவ்வளவுதான்... பிடுங்கிக்கோங்க சார், என் தோள்ல இருக்கிற நட்சத்திரத்த நாளைக்குப் பிடுங்கிக்கோங்க. இன்னைக்கு அந்தக் கதவ நான் தட்டித்தான் போவேன்... ஹலோ?... ஹலோ...”

மேலதிகாரி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அவள் நிமிர்ந்தாள். இடியார் எழுந்து நின்றார். குனிந்து உலக்கையைத் தூக்கினார். அதைக் கொண்டுபோய்த் துணிக்கட்டுகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார். வாசலில் நின்ற தன் ஆட்களைப் பின்னால் வரும்படி கையசைத்தார். பிறகு எதிர்க் கடையின் பின்பக்கம் போகும் சந்துக்குள் இறங்கி நடந்தார்.