ஒன்பது மணிக்கு மங்கும் வீடு

ராத்திரி எட்டு மணி தாண்டியிருக்கும். குமுளியிலேருந்து அணக்கரை போற ரோடு... அதுல ஏலத்தோட்டத்துக்குள்ள பிரியுற மண்பாதை. மழை விட்டு பனிமூட்டம் இறங்கியிருந்துச்சு. ஒரே ஒரு பைக் போகுது. முன்னாடியும் ஆள் இல்ல, பின்னாடியும் ஆள் இல்ல.

கிட்ட வந்து உக்காருங்க, தங்கங்களா. சால்வைய இழுத்துப் போத்திக்கிடுங்க. பயமா இருந்தா என் கையப் பிடிச்சுக்கிடலாம், அதுல வெட்கம் ஒண்ணுமில்ல.

பைக்ல போனவன் பேரு தங்கதுரை. என் கூட்டாளி சின்னத்தாயியோட தம்பி மகன். ஒயரிங் வேலைக்காரன். அன்னிக்கு அவன் போனது, செத்துப்போன வேலுத்தாயியம்மா வீட்டுக்கு.

அந்த வீட்டு லைட்டெல்லாம் அவன் மாட்டினதுதான். சுவத்துல ஒரு சுவிட்ச் கிடையாது. கூரை ஓரமா நாடா மாதிரி எல்.இ.டி. ஒட்டியிருக்கும். கரண்டை இருபத்திநாலு வோல்ட்டா இறக்கித் தர ஒரு பெட்டி, வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்க டிம்மர்னு ஒரு பெட்டி, கரண்ட் போனா தாங்க ஒரு பேட்டரி. பெட்டி ரெண்டும் ஃபோனுக்குத்தான் கட்டுப்படும். அந்த ஃபோன் கனடாவுல, மகன் பிரதீப் கையில.

"அம்மா ராத்திரி பூரா லைட்டப் போட்டுட்டு முழிச்சுக் கிடக்கு, தங்கதுரை. ஒன்பது மணியானா எல்லாம் தானா மங்கிரணும். அப்பத்தான் தூங்கும்."

கெட்ட மனசு இல்ல. முதல்ல தினமும் அவனே ஃபோன் பண்ணித் தூங்கச் சொல்லுவான். அப்புறம் வேலை கூடிப்போச்சு. ஒரு தடவை பேசிப் பதிஞ்சு, அதையும் லைட்டோட சேத்துட்டான். ஒன்பது மணியானா கட்டில் பக்கத்து ஸ்பீக்கர் பேசும்: "அம்மா, ஒன்பதாச்சு. படுத்துக்கோ." உடனே லைட்டு மெல்ல மெல்ல இறங்கும்.

ஒருநாள் ரிப்பேருக்குப் போனப்ப தங்கதுரை அதக் கண்ணால பாத்திருக்கான். ஸ்பீக்கர் பேசி முடிச்சதும் வேலுத்தாயி சொல்லுச்சாம்: "சரிய்யா... நீ சாப்ட்டியா?"

"அது ரெக்கார்டும்மா. பதில் சொல்லாது."

"தெரியும்டா, பெரிய இஞ்சினியரு. கேட்டா என் வாய் தேஞ்சா போகுது?"

அவ்வளவுதான். அப்படியே ரெண்டு வருசம் ஓடுச்சு. ஒருநாள் அந்தம்மா படுத்தது எந்திரிக்கல.

பிரதீப் வந்தான், கொள்ளி வச்சான், மூணாம் நாள் ஃப்ளைட் ஏறிட்டான். செத்த இடத்துல விளக்கு வைப்போமே... பதினாறாம் நாள் காரியம் முடியுற வரைக்கும் அது அணையக் கூடாது. அணைஞ்சா போற உசுருக்கு வழி தெரியாம வீட்டுக்குள்ளயே சுத்தும்பாங்க. அதுக்கு ஒரு ஆள் கூட இருந்து எண்ணெய் ஊத்தணும். யாரு இருப்பா? அதனால ஒரு ஏற்பாடு. பித்தளை விளக்கு வாயில, திரி இருக்கிற இடத்துல, சின்னதா ஒரு எல்.இ.டி. மஞ்சளா மினுங்கும். பக்கத்துல கேமரா. சொந்தக்காரங்க அவங்கவங்க ஊர்லேருந்தே ஃபோன்ல பாத்துக் கும்பிட்டுக்கலாம்.

அந்த விளக்குதான் ராத்திரியானா அணைஞ்சு அணைஞ்சு போகுது.

"நான் இங்கேருந்து திரும்ப ஏத்துறேன், மறுநாளும் அணையுது. சித்தப்பாவெல்லாம் பாத்துட்டுக் கேக்குறாங்க, தங்கதுரை. மானம் போகுது. போய்ப் பாரு."

வாசல்ல காவல்காரர் காளிச்சாமி கம்பளியச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தார்.

"வாய்யா! செத்தவளுக்கும் ரிமோட் மாட்டினவன் நீதானே?"

"உள்ள வந்து டார்ச்சப் பிடிங்க, மாமா."

"நானா? எனக்குச் சம்பளம் வாசல் வரைக்கும்தான்."

தங்கதுரை தனியாத்தான் போனான். பூட்டிக் கிடந்த வீட்டு வாடை... ஏலக்காய், ஈரத்துணி. அதுக்கு மேல அந்தம்மா தேய்க்கிற தைல வாசம். இப்பத்தான் யாரோ நெத்தியில தேச்ச மாதிரி, புதுசா.

பெட்டியத் திறந்து மீட்டர் வச்சான். இருபத்திநாலு சரியா இருக்கு. ஒயர் சரி. டிம்மர் சரி. விளக்கு ஜம்முனு எரியுது. பிரதீப்பக் கூப்பிட்டான். ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஃபோனக் கட்டில் மேல வச்சான்.

"எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு..."

"சீக்கிரம் சொல்லு. ஆபீஸ்ல இருக்கேன்."

அப்ப, கட்டில் பக்கத்துல...

"அம்மா, ஒன்பதாச்சு. படுத்துக்கோ."

தங்கதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. கூரை நாடா இறங்குது... கூடவே அந்தப் பித்தளை விளக்கும் இறங்குது.

"சார், கண்டுபிடிச்சுட்டேன்! அம்மாவுக்குப் போட்ட ஒன்பது மணி செட்டிங்க நீங்க எடுக்கவே இல்ல. இந்த விளக்கும் அதுல மாட்டிக்கிச்சு. ஃபோன்ல அத அழிச்சிருங்க, தீந்துச்சு."

"அட ச்சே... இதுதானா? இரு, அழிக்கிறேன்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. லைட்டு அடிமட்டத்துக்கு வந்துருச்சு. ரொம்பக் குறைச்சா அந்தப் பெட்டி கொசு மாதிரி 'ங்ஙீ...'ன்னு ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் மட்டும் இருக்கு.

அதுக்கு நடுவுல கட்டில் கிறீச்சுன்னுச்சு.

"சரிய்யா... நீ சாப்ட்டியா?"

...

சிரிப்பு ரெண்டு பக்கமும் நின்னுபோச்சு.

"தங்கதுரை... யாரு அங்க?"

தங்கதுரை டார்ச்ச அடிச்சுப் பாத்தான். கட்டில்ல ஒண்ணும் இல்ல. விரிப்பு இருக்கு, தலகாணி இருக்கு. தலகாணி நடுவுல மட்டும் ஒரு பள்ளம்.

"நீ சாப்ட்டியா, பிரதீப்பு?"

அதட்டல் இல்ல, அழுகை இல்ல. சாதாரணமா... சமையக்கட்டுலேருந்து கேக்குற மாதிரி.

"சார்..." தங்கதுரை ஃபோன் பக்கம் குனிஞ்சான். "சார், உங்களத்தான் கேக்குறாங்க. ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒரே வார்த்தை சார்... போயிருவாங்க."

ஃபோன்ல மூச்சு கேக்குது. கேட்டுக்கிட்டேதான் இருக்கான். அவன் ஆபீஸ்ல யாரோ இங்கிலீசுல பேசுறது கூடக் கேக்குது. எனக்குத் தெரிஞ்சு, கண்ணுகளா, அந்தப் பிள்ளைக்கு வாய் வரைக்கும் வந்திருக்கும்...

டுக்.

வச்சுட்டான்.

தங்கதுரை திரும்ப அடிச்சான். மணி போய்க்கிட்டே இருக்கு, எடுக்கல. இன்னொரு தடவை. ஸ்விட்ச் ஆஃப்.

இருட்டுல அந்தம்மா காத்திருக்கு. அவனுக்கு அது தெரியுது. நீங்க பேசி நிறுத்தினா எதிர்ல இருக்கிறவங்க பதிலுக்குக் காத்திருக்கிறது தெரியுமே, அப்படி.

"சாப்ட்டியாய்யா?"

தாங்க முடியல அவனுக்கு. அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே? கண்ண மூடிக்கிட்டு, பிரதீப் குரல் மாதிரியே கொஞ்சம் இழுத்துச் சொன்னான்:

"சாப்ட்டேம்மா. நீ தூங்கு."

'ங்ஙீ'ங்கிற சத்தம் நின்னுச்சு. தைல வாசம் கிட்ட வந்துச்சு... தோள் கிட்ட... காது கிட்ட.

"நீ அவன் இல்லியே."

அவ்வளவுதான் சொல்லுச்சாம். கோவமே இல்லையாம். சின்னத்தாயிகிட்ட அதச் சொல்லித்தான் அவன் அழுதிருக்கான். கோவப்பட்டிருந்தா பயந்துட்டுப் போயிருப்பேன் அத்தே, ஆனா அந்தம்மா ஏமாந்துபோய்ச் சொல்லுச்சுன்னு.

விளக்கு அணைஞ்சுபோச்சு. பெட்டியத் தட்டினான், ஒயர நேரா பேட்டரியில குடுத்தான்... எரியல. மீட்டர்ல கரண்ட் காட்டுது, விளக்கு எரியல. சாமானப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். காளிச்சாமி வாசல்ல இல்ல. கம்பளி மட்டும் கிடந்துச்சு. உள்ள பேசினது அவருக்கும் கேட்டிருக்கும்போல.

பதினாறாம் நாள் காரியம் நடந்துச்சு. அய்யர் இங்க, மகன் வீடியோவுல. விளக்கு அணைஞ்சு கிடந்தத யாரும் கேக்கல, யாரும் சொல்லல. அப்புறம் வீட்டப் பூட்டினாங்க. பிரதீப் எழுதிக்குடுத்து, கரண்ட் ஆபீஸ்லேருந்து வந்து போஸ்ட்லயே லைன வெட்டி, மீட்டரையும் கழட்டிட்டுப் போயிட்டாங்க. பேட்டரியையும் இறக்கியாச்சு.

இப்ப ரெண்டு மாசம் முன்னாடி பிரதீப்புகிட்டேருந்து தங்கதுரைக்கு ஃபோன். அந்த ராத்திரிக்கு அப்புறம் அன்னிக்குத்தான் பேசுறான். விசாரிப்பு ஒண்ணும் இல்ல.

"தங்கதுரை, அம்மா ரூம் கேமராவுலேருந்து எனக்கு ஒரு மெசேஜ் வருது. 'அறையில் ஆள் நடமாட்டம்'னு. தினமும் ஒரே நேரத்துக்கு. அத எப்படி நிறுத்துறது?"

"சார்... அந்த வீட்ல கரண்டே இல்லியே. கேமரா எப்படி..."



"அது எனக்கும் தெரியும்"ன்னான் பிரதீப். "வந்தா வரட்டும். என் ஃபோன்ல சத்தம் வராம பண்ண மட்டும் சொல்லிக் குடு."