ஆயிரத்து எண்பது கொலுசு

– நில்லு மகள். முத்திரை குத்துறதுக்கு முதல் ஒரு சத்தியம் இரிக்கு. மட்டக்களப்பு தாண்டவன்வெளியில் வசிப்பவரும், முப்பத்தொரு வருடங்களாகச் சமாதான நீதவானாக இருந்து வருபவருமான பற்றிக் ஆகிய நான், இனிச் சொல்லப் போவதில் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, ஒரு சொல்லைக் குறைக்கவும் இல்லை என்று மாதா மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

– மாமா, நான் சத்தியம் கேட்டு வரல்ல. டொக்டர்ட மருந்துத் துண்டுக்கு கொப்பி அடிச்சிக் கொண்டு வந்திரிக்கன். 'உண்மைப் பிரதி' எண்டு ஒரு முத்திரை குத்தித் தந்தா காணும். நாளைக்கு விடிய கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு வெளிக்கிடுறம்.

– இந்தாள் கோட்டுத் தமிழ்ல ஏறிட்டார் கா அஜந்தா. இனி இறங்க நேரம் எடுக்கும். நீ இரி, நான் தேத்தண்ணி ஊத்துறன்.

– செபஸ்தி, என்ட மனுசி எண்டாலும் நீ சாட்சியத்தக் குழப்பாத. மகள், உனக்கு என்ன பயம்? அத முதல்ல சொல்லு.

– நெஞ்சில வால்வு மாத்தி ரெண்டு வருசம் மாமா. ரெத்தம் கட்டிபடாம இரிக்கிறதுக்கு குளிசை. ஒரு நாள் தவறினாலும் ஏலாது எண்டு கிளினிக்ல சொல்லித்தான் விட்ட. கனடாவில மகள் டினோஷாக்கு இந்த மாசம் பிள்ள கிடைக்க இரிக்கு. நான் போகாட்டி பாக்க ஒருத்தரும் இல்ல. அங்க கஸ்டம்ஸ்ல குளிசையப் பறிச்சிப் போட்டாங்க எண்டா நான் என்ன செய்யிற?

– ஏன் பறிக்க வேணும்?

– உதிரியாக் கொண்டு போனா குப்பையில கொட்டுவாங்களாம். பாமசியில எனக்குத் தந்ததெல்லாம் கடதாசிப் பையில. இடம் காணாது எண்டு அதையும் உடைச்சி ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள கொட்டி வெச்சிரிக்கன். நீங்க அங்க போய் வந்தவங்க எண்டு சந்தியில சொன்னாங்க. அதான் ஒருக்கா கேப்பம் எண்டு.

– கொட்டி வைத்தாயா? சரி. நானும் அப்படித்தான் கொட்டி வைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னர், எங்கள் மகன் அலன் கனடாவுக்கு வரச் சொல்லி எல்லாம் அனுப்பியிருந்தான். செபஸ்திக்கு பிரஷர், சீனி, முட்டு இழுப்பு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு குளிசை. தொண்ணூறு நாளுக்கு எத்தனை?

– ஆயிரத்து எண்பது.

– ஆயிரத்து எண்பது. அதை மனதில் வைத்துக்கொள். அத்தனையையும் ஒரு பால்மா டின்னில் கொட்டி, டின்னை ஒரு துணிப் பையில் வைத்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பதினாறு மணித்தியாலம் பறந்து இறங்கினேன்.

– மாமி, நீங்களும் போனீங்கதானே?

– ஓம் கா. நான் போகாமலா. நல்ல குளிர்.

– இறங்கினால் ஒரு மண்டபம். கரடியனாற்று வயல் வட்டை முழுவதையும் நிலத்தில் விரித்து, மேலே கண்ணாடி மூடினால் எவ்வளவோ அவ்வளவு. கூரை எங்கே முடிகிறது என்று பார்க்கத் தலையை நிமிர்த்தினேன். பார்வை மறு கரைக்குப் போய்ச் சேர முதல் கழுத்து நோவுக்கு ஒரு குளிசை போட வேண்டியதாயிற்று. அதற்குள் ஒரு மேகம் வழி தவறி வந்து நின்றது. அதையும் வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

– மேகமா மாமா?

– வெள்ளை மேகம். கையில் பெட்டி சட்டி ஒன்றும் இல்லை. ஆனபடியால் அதைக் கெதியாக விட்டுவிட்டார்கள்.

– மேகம் ஒண்டையும் நான் காணல்ல கா. கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு பொம்பிள இருந்தா. மருந்து ஏதும் கொண்டு வந்திரிக்கீங்களா எண்டு கேட்டா. இல்ல எண்டு சொன்ன. போங்க எண்டு விட்டுட்டா.

– அது வேறு வரிசை. என் வரிசையில் நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம், கழுத்தில் அடையாள அட்டை, அட்டையில் அதனுடைய படம். வந்தவர்களின் பெட்டிகளை ஒவ்வொன்றாக மணந்துகொண்டே வந்தது. என் பையின் பக்கம் வந்ததும் நின்றது. ஒரு தரம் இழுத்து மணந்தது. மறு தரம் இழுக்கவில்லை. என் காலடியிலேயே படுத்து நித்திரையாகிவிட்டது.

– ஏன்?

– டின்னுக்குள்ளே செபஸ்தியின் நித்திரைக் குளிசையும் இருந்தது. டின், துணி, மூடி, மூன்றையும் தாண்டி அந்த மணத்தைப் பிடித்திருக்கிறது, பார். அப்படியொரு மூக்கை நான் மனிதர்களிடத்திலும் கண்டதில்லை. நாலு பேர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது ஆள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

– எனக்கு இப்பவே நெஞ்சு அடிக்குது மாமா.

– அடிக்கட்டும், வால்வுக்கு நல்லது. ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட பெரிய அதிகாரி. சுவரில் அறுபது எழுபது பாசையில், 'உங்கள் மொழியில் பேசலாம்' என்று எழுதியிருந்தது. மேலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன், நாற்பத்தோராவது வரியில் எங்கட எழுத்து. அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிருக்குள், ஒரு 'ழ'னாவைக் கண்டதும் எனக்குத் தெரிந்திருந்த இங்கிலீசு முழுவதும் என்னை விட்டு வெளிக்கிட்டுப் போய்விட்டது. விரலை அந்த வரியில் வைத்தேன்.

– மறுகா?

– டெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளை. தேன் மாதிரிக் குரல். 'சொல்லுங்க சார்' என்றாள். நான் சொன்னேன், 'பிள்ள, ஆயிரத்து எண்பது குளிசை கொண்டு வந்திருக்கிறேன்.' அவர்கள் நாட்டில் அதற்கு மாத்திரை என்றுதான் பேர். குளிசை என்ற சொல்லை அந்தப் பிள்ளை பிறந்ததுக்குக் கேட்டதில்லை. டெலிபோனிலும் ஒரு இரைச்சல். அவளுக்கு விளங்கியது கொலுசு.

– ஐயோ மாமா. காலுக்குப் போடுறதா?

– காலுக்குப் போடுவதேதான். ஆயிரத்து எண்பது கொலுசு. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார். யாருக்கு என்று கேட்கச் சொன்னார். 'எல்லாம் என் மனுசிக்கு' என்றேன். பக்கத்து மேசையில் இருந்த பெண் அதிகாரி எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புருசன் இருபது வருடத்தில் ஒரு சோடி கூட வாங்கிக் கொடுத்ததில்லையாம். அழுதுவிட்டாள்.

– எனக்கும் ஒரு சோடி வாங்கித் தரல்ல கா இந்தாள்.

– எப்படிப் பாவிக்கிறது என்று கேட்டார்கள். பாமசிக் கடதாசியில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன்: 'காலைக்கு ஏழு, இரவைக்கு அஞ்சு, சாப்பாட்டுக்குப் பிறகு.' அந்தப் பிள்ளை சொன்னாள்: 'காலுக்கு ஏழு, இரவில் அஞ்சு, சாப்பிட்ட பிறகுதான் போடுவாங்களாம்.'

– நீங்க சும்மா இருந்தீங்களா?

– எனக்கு எங்கே தெரியும்? அவள் இங்கிலீசில் சொல்கிறாள், என்னுடைய இங்கிலீசோ வெளிக்கிட்டுப் போய்விட்டது. இதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருவர், 'சத்தம் வருமா?' என்று கேட்கச் சொன்னார். நான் செபஸ்தியின் முட்டு இழுப்பைக் கேட்கிறார் என்று நினைத்தேன். 'முதலில் நல்ல சத்தம், இதைப் போட்டால் சத்தம் நின்றுவிடும்' என்றேன்.

– என்ட சத்தத்த நிப்பாட்டுற குளிசைய இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல.

– மகள், போட்டவுடன் சத்தம் நிற்கிற கொலுசை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியாகப் பெரிய அதிகாரி கேட்டார், ஏன் இதைப் போடுகிறீர்கள் என்று. நான் உள்ளதைச் சொன்னேன். 'போடாட்டி உயிர் போயிரும்.' பன்னிரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். மட்டக்களப்பு எங்கே இருக்கிறது என்று ஒருத்தர் படத்தில் தேடினார்.

– எனக்கு சிரிச்சிச் சிரிச்சி வயிறு நோகுது. மறுகா டின்னத் திறந்தாங்களா?

– திறந்தார்கள். கவிழ்த்தார்கள். கொலுசு ஒன்றும் விழவில்லை. வெள்ளை, மஞ்சள், ரோஸ் நிறத்தில் குளிசைகள் மேசை முழுக்க உருண்டன. எல்லாருடைய முகமும் மாறிவிட்டது. பேர் இல்லை, பெட்டி இல்லை, இன்ன மருந்து என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. குப்பைக் கூடையைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்கள்.

– இதத்தான் மாமா நானும் பயந்த.

– அந்த நேரம் எனக்குச் சட்டைப் பையில் இருந்த டொக்டர்ட துண்டு ஞாபகம் வந்தது. எங்கட பழைய டொக்டரின் எழுத்து உனக்குத் தெரியும்.

– நண்டு நடந்த மாதிரி.

– அவர் எழுதியதை அடுத்த கிளினிக்கில் அவரே நேர்சம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறவர். அந்தத் துண்டைப் பெரிய அதிகாரி வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பிறகு, மகள், நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, ஒரே மூச்சில் வாசித்தார். மருந்துகளின் பேர், அளவு, வேளை, எல்லாம். கீழே ஒரு கிறுக்கல் இருந்தது, அதுவரையில் அதை டொக்டருடைய கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'உப்பைக் குறைக்கவும்' என்று வாசித்து, எனக்கு நேரே விரலை நீட்டி ஆட்டினார். கடல், மலை, யானைக் கூட்டம் எல்லாம் கண்டவன் நான். அன்றைக்குத்தான் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

– டொக்டர்ட எழுத்தையா? ஒரே மூச்சிலயா?

– இடையில் தண்ணி கூடக் குடிக்கவில்லை. வாசித்து முடித்து, அந்தப் பிள்ளையின் வாயால் எனக்குப் புத்தி சொன்னார். குளிசை பாமசிப் பெட்டியிலோ அட்டையிலோ இருக்க வேணும், அதில் உன்னுடைய பேர் இருக்க வேணும். டொக்டரிடம் இங்கிலீசில் ஒரு கடிதம் வாங்க வேணும். மூன்று மாதத்துக்கு மேல் கொண்டு வரக் கூடாது. மருந்து இருக்கிறதா என்று கேட்டால் ஒளிக்காமல் ஓம் என்று சொல்ல வேணும். சொல்லிவிட்டு ஆயிரத்து எண்பதையும் தன் கையாலேயே எண்ணி டின்னில் போட்டுத் தந்தார்.

– இந்தப் புத்தியெல்லாம் சரிதான் கா. அலன் டெலிபோன்ல சொன்னவன்.

– அப்ப பெரிய பயம் இல்ல மாமா. இப்பவே பாமசிக்குப் போய், பேர் போட்ட பெட்டியில திரும்பக் கேப்பன். கடிதம் டொக்டர் தந்திட்டார். வேற ஒரு பிரச்சினையும் இல்ல. குளிசைப் பை வெளியில வான்ல இரிக்கு, தம்பி சதீசன்ட பொறுப்பு. என்ட கையில பிள்ளச் சாமான் எல்லாம் பாரம். எயாப்போட்டுல நான் உள்ள போகக்குள்ள அவன் எடுத்துத் தருவான். மாமி, தேத்தண்ணி வழியுது. ஏன் அப்படிப் பாக்கிறீங்க?

– ஆர்ட பொறுப்பு எண்டு சொன்ன?

– சதீசன்ட. ஏன் மாமி?

– இஞ்சேருங்க. நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?

– முத்திரை மையை எடு செபஸ்தி. பிள்ளைக்கு நேரம் போகிறது. மேற்குறித்த பிரதியானது…

– மை கிடக்கட்டும். கோட்டுத் தமிழ் வேணாம். இத மட்டும் வீட்டுத் தமிழ்ல சொல்லுங்க.

– …மகள், நீ எழும்பு. வான்ல இரிக்கிற பைய எடுத்து உன்ட கழுத்துல போட்டுக்கொண்டு வா. அதுக்குப் புறகுதான் முத்திரை.

– ஏன் மாமா? உங்கட குளிசைய அவங்க பறிக்கல்லதானே?

– பறிக்கல்ல. பறிக்கிறதுக்கு அங்க ஒண்டும் போகல்ல.

– விளங்கல்ல மாமா. மாமி, என்ன சொல்லுறார்?

– போய் மூண்டாம் நாள் பிரஷர் ஏறி அலன்ட வீட்டுப் படியில விழுந்துட்டன் கா. ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில. இண்டைக்கும் இந்த இடக் கையத் தூக்க ஏலா, பாரு.

– அப்ப அந்த ஆயிரத்து எண்பதும்?

– பிளேன்ல போனது செபஸ்தி மட்டும்தான், மகள். நான் கட்டுநாயக்காவில கம்பிக்கு இஞ்சால நிண்டு, அவள் மறையும் வரைக்கும் கையக் காட்டிப்போட்டு, தோள்ல கிடந்த அவள்ர குளிசைப் பையோடயே மட்டக்களப்பு பஸ்ல ஏறி வந்துட்டன்.